‘ஓசி’ என்றொரு சொல்



இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் பெருங்காவியம் ஒன்றைப் பற்றியதன்று. பேரரசன் ஒருவனுடைய வரலாறும் அன்று. ஈரெழுத்தாலான ஒரு சிறு சொல்லைப் பற்றியது. அச்சொல்லை நீங்கள் நாள்தோறும் சொல்லுகிறீர்கள், நாள்தோறும் கேட்கிறீர்கள். ஆனால் தேர்வுத்தாளில் ஒருவரும் எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருப்பார். ‘ஓசி’ என்பதே அச்சொல்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலிக்கு வந்து கொச்சைச் சொல்லைப் பற்றியா பேசுவது என்று நீங்கள் வியக்கலாம். நெல்லை ஆராய்கின்றவன் பதரையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். மக்கள் நாவில் வாழும் எந்தச் சொல்லும் ஆராய்ச்சிக்குப் புறம்பானதன்று. அன்றியும், இச்சொல்லோடு எனக்குத் தீராத பழங்கணக்கு ஒன்று உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில் இச்சொல்லுக்கு மக்கள் வழங்கும் பொருள்களைப் பார்ப்போம்.

எங்கள் பேரையூர் மதுரைக்குத் தென்மேற்கே கரிசல் நிலத்தில் அமைந்த ஊர். பருத்தியும் சோளமும் கம்பும் விளையும் மானாவாரிப் பூமி. மாலைப் பொழுதில் தேநீர்க் கடைப் பலகையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால் போதும். ‘ஓசி’ என்னும் சொல் பல கோலங்களில் நம் செவிக்கு வரும். ஒருவர் நாளிதழைக் கையில் எடுக்கிறார். “ஓசிப் பேப்பரா?” என்று மற்றவர் கேட்கிறார். இங்கே ஓசி என்பதற்கு விலை கொடாமல் பெறுவது என்று பொருள். மற்றொருவர் மிதிவண்டியில் வந்து இறங்குகிறார். “யாருடைய வண்டி?” என்று கேட்டால், “ஓசி வண்டிதான்” என்கிறார். அவர் அதனை விலையின்றிப் பெற்றுவிடவில்லை. சிறிது நேரத்துக்கு வாங்கி வந்திருக்கிறார். ஆகவே இங்கே ஓசி என்பது இரவல். மூன்றாமவர் ஒரு தச்சர். “நாள் முழுக்க ஓசியில் வேலை வாங்கிவிட்டார்கள்” என்று அலுத்துக்கொள்கிறார். இங்கே ஓசி என்பது கூலி கொடாமல் பெற்ற உழைப்பு. நான்காவதாக ஓர் இளைஞர், “ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான்” என்று இல்லாத ஒருவரைப் பழிக்கிறார். இங்கே ஓசி என்பது பேராசையின் அடையாளம். ஐந்தாவதாக ஒரு பொருள் உண்டு, அது வசை. ‘ஓசிச் சோறு’, ‘ஓசிக் கிராக்கி’ என்று மனிதனையே அச்சொல்லால் குறிப்பது.

இவ்வைந்தையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலிரண்டிலும் சொல்லுக்குக் கூர்மை இல்லை. வெறும் செய்திதான் இருக்கிறது. மூன்றாவதில் உழைத்தவனுடைய குறை இருக்கிறது. நான்காவதில் ஏளனம் புகுகிறது. ஐந்தாவதில் சொல் கல்லாகிவிடுகிறது. பொருளைப் பற்றிப் பிறந்த சொல், ஆளைப் பற்றியதாக மாறிவிட்டது.

இத்தகைய சொற்களை நம் இலக்கணம் எவ்வாறு நோக்குகிறது? தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று நன்னூலார் வகுத்தார். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல் குழூஉக்குறியாகும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் கூறுவர் என உங்கள் இலக்கண நூலில் படித்திருப்பீர்கள். இன்று நாம் கொச்சை எனத் தள்ளுகின்ற சொற்களிற் பல, ஒரு காலத்தில் ஏதோ ஒரு கூட்டத்தாரின் குழூஉக்குறியாய் இருந்தவை. கூட்டத்தின் வேலி உடைந்ததும் அவை ஊருக்குள் புகுந்தன. ‘ஓசி’யும் அவ்வாறு வந்தது என்பதே பலரும் கூறும் வரலாறு.

அவ்வரலாறு வருமாறு. 1600-ஆம் ஆண்டில் பட்டயம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1639-இல் சென்னையில் இடம் பெற்றது. 1801-க்குள் மதுரைச் சீமையும் திருநெல்வேலிச் சீமையும் அதன் ஆட்சிக்குள் முழுமையாக வந்துவிட்டன. சாப்டூர், பேரையூர் என்று பாளையங்கள் இருந்த எங்கள் பக்கமும் கம்பெனிக்குக் கட்டுப்பட்டது. நம் முன்னோர் அக்கம்பெனியைக் ‘கும்பினி’ என்றனர். அதன் அதிகாரிகளைக் ‘கும்பினியார்’ என்றனர். கும்பினியார் ஆட்சிக்கு இன்றியமையாதது கடிதப் போக்குவரத்து. 1774-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், பொதுமக்களும் கட்டணம் செலுத்திக் கடிதம் அனுப்ப வழி செய்யப்பட்டது. 1786-இல் சென்னையில் தலைமை அஞ்சலகம் தோன்றியது. சலங்கை கட்டிய ஈட்டியை ஏந்திய தபால்காரர்கள் ஊருக்கு ஊர் ஓடி, பையை மாற்றிக் கொடுத்துச் சென்ற காலம் அது.

அந்நாளில் கடிதக் கட்டணம் தொலைவையும் எடையையும் பொறுத்து அமைந்தது. ஏழை ஒருவன் தொலைவிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதுவது எளிதாக இல்லை. 1854-இல்தான் தொலைவு எதுவாயினும் கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரையணா என்னும் ஒரே கட்டணம் வந்தது. ஆனால் கம்பெனியாரின் அலுவல் கடிதங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உறையின்மேல், ‘கம்பெனியின் பணி நிமித்தம்’ என்னும் பொருளுடைய ‘ஆன் கம்பெனிஸ் சர்வீஸ்’ என்ற ஆங்கிலத் தொடரை எழுதிவிட்டால், அது கட்டணமின்றிச் செல்லும். அத்தொடரின் முதலெழுத்துகள் ‘ஓ.சி.எஸ்.’ என்பன. அலுவலகத்துச் சிப்பந்திகளும் தபால்காரர்களும், “இது ஓ.சி. கடிதம்; காசு கேட்க வேண்டா” என்று பேசிக்கொண்டனர். நாளடைவில் காசில்லாமல் வருவன யாவும் ‘ஓசி’ ஆயின. இதுவே பலரும் கூறும் விளக்கம்.

கேட்பதற்கு இனிய கதை. ஆனால் மாணவர்களே, இனிமையாய் இருப்பதனாலேயே ஒரு கதை உண்மையாகிவிடாது. சொல் வரலாறு கூறுவோர் கதையை விரும்பும் கூட்டத்தார். அவர்களிடத்தில் நாம் சற்று விழிப்பாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்திலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

பகட்டு என்னும் பொருளில் ஆங்கிலேயர் ‘போஷ்’ என்று கூறுவர். அது இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் பிறந்த சொல் என்று ஒரு கதை உண்டு. போகும்போது இடப்பக்க அறையும், திரும்பும்போது வலப்பக்க அறையும் வெயில் படாமல் இருக்கும்; அவற்றை உயர்ந்த கட்டணம் கொடுத்துச் செல்வர்கள் அமர்த்திக்கொள்வர்; அவ்வறைகளைக் குறித்த நான்கு சொற்களின் முதலெழுத்துகளே ‘போஷ்’ ஆயின என்பது அக்கதை. அறிஞர்கள் தேடிப் பார்த்தனர். அவ்வெழுத்துகள் பொறித்த பயணச்சீட்டு ஒன்றும் அகப்படவில்லை. கதை கதையாகவே நின்றுவிட்டது.

மற்றொரு சொல் ‘ஓ.கே.’ என்பது. உலகெங்கும் வழங்கும் இச்சொல்லுக்கும் பற்பல கதைகள் இருந்தன. ஆலன் வாக்கர் ரீட் என்னும் அமெரிக்க அறிஞர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தேடினார். 1839-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில், ‘யாவும் சரி’ என்னும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை வேடிக்கையாக வழங்கியதே இச்சொல்லின் தொடக்கம் என நிறுவினார். ஆகவே, முதலெழுத்துக் கதைகள் யாவும் பொய் என்று தள்ளவும் கூடாது. யாவும் மெய் என்று கொள்ளவும் கூடாது. சான்று கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? நான் வகுப்பில் மாணவர்க்கு நான்கு கேள்விகள் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஒலி பொருந்துகிறதா? பொருள் பொருந்துகிறதா? இடம் பொருந்துகிறதா? காலத்துக்குச் சான்று உண்டா? இந்நான்கு தராசிலும் ‘ஓசி’யை வைத்துப் பார்ப்போம்.

ஒலி ஏறக்குறையப் பொருந்துகிறது. மூன்றெழுத்தில் கடைசி எழுத்து தேய்ந்துபோவது பேச்சு வழக்கில் இயல்பே. எனினும், கம்பெனியைக் குறிக்கும்போது ‘மாண்புமிகு’ என்னும் பொருளுடைய ‘ஹானரபிள்’ என்ற அடையைச் சேர்ப்பதும் அக்கால வழக்கம். அதனைச் சேர்த்தால் இடையில் ஓர் எழுத்து மிகுகிறது. மேலும், படைத்துறையில் கட்டளை அதிகாரியையும் அதே ‘ஓ.சி.’ என்னும் எழுத்துகளால்தான் குறிப்பர். எழுத்துகள் ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

பொருள் நன்றாகவே பொருந்துகிறது. கட்டணமின்றிச் சென்ற கடிதத்திலிருந்து கட்டணமின்றிப் பெறும் பொருளுக்குச் சொல் நகர்வது மிக எளிய நடை. இடத்தைப் பார்த்தால் ஓர் ஐயம் எழுகிறது. கம்பெனியின் தலைநகரம் கல்கத்தா. ஆனால் வடக்கே இந்தியில் இப்பொருளுக்குப் பாரசீக வழி வந்த ‘முஃப்த்’ என்னும் சொல்லே பெருவழக்காய் உள்ளது. ‘ஓசி’யோ தமிழில் வேரூன்றியது, மலையாளத்திலும் ‘ஓசு’ என்னும் வடிவில் வழங்குகிறது. எனவே இது தென்னாட்டு அலுவலகங்களில் பிறந்த குழூஉக்குறியாய் இருந்திருத்தல் கூடும். நான்காவதாகிய காலச் சான்று, அதாவது கம்பெனிக் காலத்திலேயே இச்சொல்லை இப்பொருளில் எழுதிய தமிழ் ஏடு, இவ்விளக்கத்தோடு எடுத்துக்காட்டப்படுவதில்லை. ஆகவே, ‘ஓ.சி.எஸ்.’ என்னும் விளக்கம் ஏற்புடையது; ஆனால் முத்திரையிட்ட முடிபன்று. சொல் வரலாற்றில் ‘கூடும்’ என்பதற்கும் ‘ஆகும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் மறவாதிருக்க வேண்டும்.

இச்சொல் தனியாக வந்ததும் அன்று. நம் கொச்சை வழக்குகள் பல நெடுந்தொலைவு நடந்து வந்தவை. ‘கில்லாடி’ என்பது விளையாட்டு வீரன் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லின் வழி வந்தது. ‘பேமானி’ என்பது நேர்மையின்மையைக் குறிக்கும் உருதுச் சொல். ‘பேஜார்’ என்பது சலிப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல். சென்னைத் தெருவில் வசையாகத் திரியும் ‘கஸ்மாலம்’, பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அருச்சுனனுடைய மனக்கலக்கத்தைக் குறிக்க வந்த வடசொல். நம்மிடமிருந்தும் கட்டுமரமும், சுருட்டும், மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குப் பயணம் போயின. இத்தகைய சொற்களையெல்லாம் திரட்டி யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி 1886-இல் வெளிவந்தது. அவர்களுள் பர்னல் நம் தஞ்சையில் நீதிபதியாய் இருந்தவர்.

இனி, எல்லாவற்றினும் நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். ஓ.சி.எஸ். விளக்கம் மெய்யாயின், ‘ஓசி’ என்னும் சொல் முதலில் யாரைக் குறித்தது? ஆளுகின்றவனைக் குறித்தது. பல்லக்கில் சென்றவனுக்குக் கடிதக் கட்டணம் இல்லை; வெயிலில் நடந்தவனுக்குக் கட்டணம் உண்டு. அதிகாரத்தின் சலுகைக்கு வைத்த பெயர், பிற்காலத்தில் இல்லாதவன்மீது வீசும் வசையாகிவிட்டது. சொல் மேலிருந்து கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் எளியவன் நின்றான்.

இப்படி நேர்வது இதுவே முதன்முறை அன்று. ‘வெட்டி’ என்னும் சொல்லை நினைத்துப் பாருங்கள். வேலையற்றவனை ‘வெட்டிப்பயல்’ என்கிறோம். பயனற்ற பேச்சை ‘வெட்டிப் பேச்சு’ என்கிறோம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. ஏரி வெட்டியவனும், வாய்க்கால் தூர் எடுத்தவனும், சுமை சுமந்தவனும் அதற்குரியவர். கூலி பெறாமல் உழைத்தவனுடைய உழைப்பைக் குறித்த சொல்லே, உழைக்காதவனைக் குறிக்கும் வசையாகத் திரும்பியது என்றால், அதனினும் பெரிய அநீதி சொல்லுலகில் உண்டோ?

கொடுப்பதையும் பெறுவதையும் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கொடை, ஈகை, பரிசில் என்பன கொடுப்பவனையும் பெறுபவனையும் ஒருங்கே உயர்த்தும் சொற்கள். வரியின்றி விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் ‘இறையிலி’ என்றன. பின்னர் அரபு வழியாக ‘இனாம்’ வந்தது. ‘இலவசம்’ என்பது நெடுங்காலம் வழங்கியது. 2011-க்குப் பின்னர் அரசினர் ‘இலவசம்’ என்பதை விலக்கி, ‘விலையில்லா’ மடிக்கணினி, ‘விலையில்லா’ மிதிவண்டி என்று பெயரிட்டனர். பெறுகின்ற பிள்ளையின் மனம் கூசக்கூடாது என்னும் எண்ணம் அப்பெயரில் இருக்கிறது. பேருந்தில் மகளிர்க்குக் ‘கட்டணமில்லாப் பயணம்’ 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிற்று. மறு ஆண்டு செப்டம்பரில், பொறுப்பில் இருந்த ஒருவர் அப்பயணத்தை மேடையில் ‘ஓசி’ என்று குறித்தபோது எழுந்த சினத்தை நீங்கள் அறிவீர்கள். பயணம் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். ஆயினும் ஒரு சொல் பெண்களை உரிமையோடு ஏறச்செய்தது. மற்றொரு சொல் தலைகுனியச் செய்தது.

இரத்தலின் துன்பத்தை நம் முன்னோர் நன்கு உணர்ந்தவர்கள். திருவள்ளுவர் ‘இரவு’ என்னும் அதிகாரத்தை அடுத்தே ‘இரவச்சம்’ என்னும் அதிகாரத்தை அமைத்தார். கேட்க நேர்வதும், கேட்க அஞ்சுவதும் ஒரே மனத்தின் இரு நிலைகள் என்பதை அவ்வரிசையே உணர்த்துகிறது.

இப்பொழுது என் பழங்கணக்கைச் சொல்லுகிறேன்.

1968-ஆம் ஆண்டில் நான் பேரையூருக்கு அருகில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படித்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கும் எண்ணம் நம் நாட்டில் பழையது. 1920-இலேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதனைத் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராய் இருந்தபோது, 1950-களின் பிற்பகுதியில், அது சிற்றூர்களுக்கும் பரவியது. ஊர் மக்கள் தானியம் கொடுத்தார்கள்; அரசு பொருள் கொடுத்தது. எங்கள் பள்ளியின் மதிய உணவு பெரும்பாலும் மக்காச்சோள மாவில் கிண்டிய உப்புமா. என் தந்தையார் மானாவாரி நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மழை பொய்த்த ஆண்டில் எங்கள் வீட்டில் பகல் அடுப்பு எரியாது. அலுமினியத் தட்டோடு வரிசையில் அமர்வது எனக்கு அந்நாளின் பெருவிழா.

வசதியுள்ள வீட்டுப் பையன் ஒருவன், ஒரு நாள் வரிசையைப் பார்த்து, “ஓசிச் சோத்துக்கு என்ன கூட்டம்!” என்றான். அவன் கொடியவன் அல்லன்; வீட்டில் கேட்ட சொல்லைப் பள்ளியில் சொன்னான். ஆனால் மறுநாள் முதல் நான் தட்டை எடுக்கவில்லை. மதிய வேளையில் கிணற்றடிக்குச் சென்று நீர் குடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் வகுப்பில் மயங்கிச் சாய்ந்தேன்.

எங்கள் ஆசிரியர் எதற்காகவும் இரைந்து பேசாதவர். நான்காம் நாள் மணி அடித்ததும், அவர் தம் வீட்டுச் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து, அதிலிருந்ததைப் பொது அண்டாவில் கொட்டினார். பின்னர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, வரிசையில் என் அருகே சம்மணமிட்டு அமர்ந்தார். பரிமாறுகின்ற அம்மையார் திகைத்து நின்றார். “எனக்கும் போடுங்கள், அம்மா; எல்லாரும் சேர்ந்து கொடுத்தது, எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்” என்றார். அன்று நான் உண்டேன். ‘ஓசி’ என்ற அப்பையனும் மறுவாரம் வரிசையில் வந்து அமர்ந்தான்.

இக்கதையை என் பணிக்காலத்தில் பல முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிக் கைதட்டும் பெற்றிருக்கிறேன். ஆனால் அடுத்த கதையை இன்றுதான் பலர் அறியச் சொல்லுகிறேன்.

நான் தலைமையாசிரியனாய் இருந்த காலம். பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கிய மிதிவண்டிகளுள் ஒன்று, பள்ளிச் சுவரோரம் மழையில் நனைந்து, சங்கிலி துருவேறிக் கிடந்தது. மேற்பார்வைக்கு வந்த நான், அதற்குரிய மாணவனைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எழுப்பி, “ஓசியில் வந்ததுதானே! காசு கொடுத்து வாங்கியிருந்தால் இப்படிப் போடுவாயா?” என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பில் நானும் சற்று மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. மறுநாள் முதல் அவன் தன் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடந்தே பள்ளிக்கு வந்தான். வண்டி சுவரோரமே கிடந்தது.

ஒரு வாரம் கழித்து அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்தபடி நின்றான். “டியூப் வெடித்துவிட்டது, ஐயா. சனிக்கிழமை அம்மாவுக்குப் பருத்தி எடுத்த கூலி வரும். மாற்றலாம் என்று இருந்தேன்” என்றான். “இப்பொழுது மாற்றிவிட்டாயா?” என்றேன். “அது ஓசி வண்டி, ஐயா. நடந்து வருவதே எனக்கு நல்லது” என்றான்.

வேப்பமரத்தடியில் நீர் குடித்து அமர்ந்திருந்த சிறுவன் என் எதிரே நின்றான். அவனை அங்கே நிறுத்தியவன் நான். ‘ஓசி’யின் ஐந்தாம் பொருளை உணவின்றி உணர்ந்தவனாகிய நானே, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், அதே கல்லை எடுத்து வீசியிருக்கிறேன். துன்பம் பட்டவன் அத்துன்பத்தைப் பிறர்க்குச் செய்யமாட்டான் என்று நாம் எண்ணுகிறோம். அது தானே நிகழ்வதன்று. நாள்தோறும் நாவைக் காத்தால்தான் நிகழும்.

மறுநாள் அதே வழிபாட்டுக் கூட்டத்தில், நான் கூறியது தவறு என்று சொல்லி, அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாட்களுக்குப்பின் அவன் மிதிவண்டியில் வந்தான். பள்ளிப் படிப்பை முடித்துச் செல்லும்வரை என்னிடம் மரியாதை குறையாமல் நடந்துகொண்டான். ஆயினும் முன்போல் வலிய வந்து என்னோடு பேசவில்லை. அதனை நான் அவன் குறையாகக் கொள்ளவில்லை.

மாணவர்களே, அம்மிதிவண்டி உண்மையில் ஓசிதானா? எண்ணிப் பாருங்கள். அம்மாணவனுடைய தாய் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும்போதெல்லாம் விலையோடு வரியும் செலுத்துகிறார். அவர் பறித்துக் கொடுத்த பருத்தி நூலாகவும் துணியாகவும் மாறி ஊர் ஊராகச் செல்லுகிறது. அரசின் பொருளென்பது இத்தகைய கோடிக் கைகளின் சேமிப்பே. எல்லாரும் சேர்த்த பொதுப்பொருளிலிருந்து ஒரு பிள்ளையின் கல்விக்கு அளிப்பது பிச்சையன்று, முறை. நான் படித்த படிப்புக்கும், நான் பெற்ற ஊதியத்துக்கும், இன்று பெறுகின்ற ஓய்வூதியத்துக்கும் மூலம் அதே பொதுப்பொருள்தான். அவற்றை ஒருவரும் ஓசி என்பதில்லை. மதிய உணவு 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் நம் மதுரையில்தான் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. அத்தட்டின் முன் அமரும் எந்தப் பிள்ளையும் எழுந்து கிணற்றடிக்குப் போகும்படி நாம் பேசலாகாது.

அப்படியானால் ‘ஓசி’ என்னும் சொல்லை அகராதியிலிருந்து அழித்துவிட வேண்டுமா? வேண்டா, அழிக்கவும் இயலாது. நண்பனிடம் பேனா வாங்கி எழுதும்போது, “ஓசிப் பேனா” என்று சிரித்துச் சொல்லுங்கள், அதில் குற்றமில்லை. கூலி கொடாமல் வேலை வாங்குபவனைப் பார்த்து, “ஓசியில் வேலை வாங்காதே” என்று துணிந்து சொல்லுங்கள். அது அச்சொல்லுக்கே பெருமை. ஆனால் பசித்தவனைப் பார்த்தும், படிக்க வந்தவனைப் பார்த்தும், பேருந்தில் ஏறும் உழைப்பாளிப் பெண்ணைப் பார்த்தும் அதனைச் சொல்லாதீர்கள்.

இறுதியாக உங்களுக்கு ஒரு சிறு பணி தருகிறேன். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் ஊரில் வழங்கும் கொச்சைச் சொற்கள் இருபதைத் திரட்டி எழுதுங்கள். யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னார் என்பதையும் உடன் எழுதுங்கள். ஊர் முதியவரிடம் கேளுங்கள், அகராதியைப் புரட்டுங்கள். ஒலி, பொருள், இடம், காலம் என்னும் நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பின்னர் ஐந்தாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இச்சொல் யாரேனும் ஒருவரை நோகச் செய்கிறதா? முதல் நான்கு கேள்விகளை எனக்குக் கற்பித்தவை நூல்கள். ஐந்தாவதைக் கற்பித்தவன், ஐந்து கிலோமீட்டர் நடந்துவந்த ஒரு மாணவன்.

வணக்கம்.